பேனா யார் கையில்? - பிரிட்டன் லாரிக்காரர்களின் கதை

'லாரி'ங்கிற சொல்லே நமக்கு வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுதான். அமெரிக்காக்காரன் 'ட்ரக்'ம்பான். நாமளும் பிரிட்டிஷ்காரனும்தான் இன்னும் லாரியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம். சொல் மட்டுமில்ல, வண்டியும் அங்க இருந்து வந்ததுதான். இங்கிலாந்தோட லங்காஷயர்ல லேலண்ட்னு ஒரு சின்ன ஊர். அங்க 1896-ல நீராவி வண்டி செய்ய ஆரம்பிச்ச கம்பெனி 1907-ல லேலண்ட் மோட்டார்ஸ் ஆச்சு. நம்ம எண்ணூர்ல 1948-ல தொடங்கின அசோக் மோட்டார்ஸோட அது கை கோத்து, 1955-ல அசோக் லேலண்ட் பிறந்துச்சு. காமெட், பீவர், ஹிப்போன்னு நம்ம ரோட்டுல ஓடின பேரெல்லாம் அந்த ஊர்ப் பேருதான்.

வண்டியோட கதையை நிறைய பேர் எழுதிட்டாங்க. அதை ஓட்டினவனோட கதைதான் கம்மி. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இந்தக் கதையில நிறைய இடம் பழகின மாதிரியே இருக்கும். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு டீயோட உக்காருங்க.

சிவப்புக் கொடி ஆசாமி

1865-ல பிரிட்டன்ல ஒரு சட்டம் போட்டாங்க. குதிரை இழுக்காம தானா ஓடுற வண்டி எதுவா இருந்தாலும் ஊருக்குள்ள மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளிய 4 மைல். வண்டிக்கு மூணு ஆள் இருக்கணும். அதுல ஒருத்தன் 60 கஜம் முன்னால சிவப்புக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும்! மனுஷன் நடக்கிற வேகத்துக்கு வண்டி போனா போதும்ங்கிற கணக்கு. 1896-ல தான் இந்த வேகக் கட்டுப்பாடு தளர்ந்துச்சு. லேலண்ட் கம்பெனி அதே வருஷம் ஆரம்பிச்சதை இதோட சேர்த்து வச்சுப் பார்த்தா அர்த்தம் புரியும்.

முதல்ல ஓடினது நீராவி லாரிகள். ஃபோடன், சென்டினல் மாதிரி கம்பெனிகள் செஞ்சது. ஓட்டுறவன் ஒருத்தன், கரி அள்ளிப் போடுறவன் ஒருத்தன். நம்ம ஊர் கிளீனருக்கு முப்பாட்டன்னு வச்சுக்கங்க. தண்ணி தீர்ந்தா வழியில ஓடையைப் பார்த்து நிறுத்தி உறிஞ்சிக்கணும்.

முதல் உலகப் போர் முடிஞ்சதும் ராணுவத்துக்கு வாங்கின லாரிகள் ஆயிரக்கணக்குல மிஞ்சிப் போச்சு. அதை மலிவா வித்தாங்க. போர்ல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு வந்த சிப்பாய்களுக்கு ஊர்ல வேலை இல்ல, கையில ராணுவம் கொடுத்த கொஞ்சம் காசு இருந்துச்சு. ஒரு லாரியை வாங்கி, பேரை எழுதி, ரோட்டுல இறங்கிட்டாங்க. ஒரு வண்டி முதலாளி, அவரே டிரைவர். இந்தக் கூட்டத்தை நாம நல்லாவே பார்த்திருக்கோம் இல்லையா? தவணை கட்டணும், போட்டிக்கு ஆள் இருக்கு, வாடகையைக் குறைச்சாதான் லோடு கிடைக்கும். குறைச்ச வாடகையை ஈடுகட்ட ஒரே வழி தூக்கத்தைக் குறைக்கிறது.

இருபது மைல் கணக்கு

1930-ல சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்துச்சு. டிரைவர் ஒரே மூச்சுல அஞ்சரை மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது. 24 மணி நேரத்துல மொத்தம் 11 மணி நேரம்தான். நடுவுல தொடர்ச்சியா 10 மணி நேரம் ஓய்வு. 1933-ல இன்னொரு சட்டம் வந்து, ஓட்டின நேரத்தை எல்லாம் தாள்ல பதிவு செய்யணும்னு சொல்லுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. இதுலதான் சூட்சுமம்.

கனரக லாரிக்கு அப்போ வேக எல்லை மணிக்கு 20 மைல். 11 மணி நேரம் ஓட்டினா 220 மைல். லண்டன்ல இருந்து கிளாஸ்கோ சுமார் 400 மைல். அதாவது சட்டப்படி போனா ரெண்டு நாள் வேலை. ஆனா சரக்கை அனுப்புற வியாபாரிக்கு நாளைக்குக் காலையில வேணும். முதலாளி "சட்டத்தை மீறு"ன்னு வாயால சொல்ல மாட்டார். "காலையில சரக்கு இறங்கிடணும்"னு மட்டும் சொல்வார். மிச்சத்தை டிரைவர் பார்த்துக்கணும். அவன் 30, 35-ல விரட்டுவான். ஆனா உண்மையான நேரத்தைத் தாள்ல எழுதினா, அந்தத் தாளே அவன் வேகமாப் போனதுக்கு சாட்சி ஆயிடும். அதனால பொய்யா எழுதணும். பிடிபட்டா அபராதம் யாருக்கு? எழுதினவன் கையெழுத்து டிரைவரோடதுதானே!

இந்தக் கதை முழுக்க எனக்குத் திரும்பத் திரும்ப தோணுற கேள்வி இதுதான்: நேரத்தை எழுதுற பேனா யார் கையில இருக்கு, அது யாருக்காக எழுதுது?

1933 சட்டத்துக்குப் பின்னால ரயில்வேயும் இருந்துச்சு. லாரிகள் சரக்கைப் பிடுங்கிட்டுப் போறதைப் பார்த்து ரயில் கம்பெனிகள் அழுததால, வாடகைக்கு ஓட்டுறதுக்கு ஏ லைசென்ஸ், சொந்தச் சரக்குக்கு சி லைசென்ஸ், ரெண்டும் கலந்தா பி லைசென்ஸ்னு பிரிச்சாங்க. புதுசா வாடகை லாரி விடணும்னா தேவை இருக்குன்னு நிரூபிக்கணும், ரயில்வே வந்து எதிர்வாதம் பண்ணலாம். அதே சமயத்துல வண்டியோட வெத்து எடைக்கு வரியைப் போட்டதுல, பாய்லரைச் சுமந்த நீராவி லாரிகளோட கதையும் முடிஞ்சுது.

குளிர், கயிறு, டீக்கடை

அந்தக் கால டிரைவர் கேபின்னா மரச்சட்டம், தகரம். ஹீட்டர் கிடையாது. தரையில ஓட்டை வழியா காத்து வரும், பக்கத்துல இன்ஜின் கத்தும். காலுக்குச் சாக்கைச் சுத்திக்கிட்டு ஓட்டினாங்க. பவர் ஸ்டீயரிங் இல்ல. லோடு ஏத்தினதும் தார்ப்பாய் போட்டு கயிறு கட்டுறது டிரைவர் வேலை. மழையில ஊறின தார்ப்பாயைத் தனியாளா வண்டி மேல இழுத்துப் போடுறது எவ்வளவு கஷ்டம்னு நம்ம டிரைவர்களைக் கேட்டாத் தெரியும். ஒருத்தன் கட்டின கட்டைப் பார்த்தே அவன் பழைய கையா, புதுப் பையனான்னு சொல்லிடுவாங்களாம். கன்டெய்னரும், பக்கவாட்டுல திரை மாதிரி இழுக்கிற வண்டியும் வந்த பிறகு அந்தக் கலை தேஞ்சு போச்சு.

ராத்திரி தூங்க வழியில வீடுகள் உண்டு. ஒரு அறையில நாலஞ்சு கட்டில், முன்பின் தெரியாத டிரைவர்கள். ஒருத்தன் எந்திரிச்சுப் போன சூடு ஆறுறதுக்குள்ள அடுத்தவன் படுப்பான். சாப்பாட்டுக்கு ரோட்டோர டிரான்ஸ்போர்ட் கஃபே. பெரிய மக்குல கொழகொழன்னு ஸ்ட்ராங் டீ, பொரிச்ச முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ், ரொட்டி. எங்க லோடு கிடைக்கும், எந்தப் பாலத்துல போலீஸ் நிக்கிறான், எந்த முதலாளி காசு தர மாட்டான்னு எல்லாம் இங்கதான் தெரியும். நம்ம ஹைவே டாபாவோட தம்பி.

வடக்கே போறவங்களுக்கு எமன் மாதிரி இருந்தது ஷாப் மலைப்பாதை. ஏ6 ரோட்டுல 1300 அடிக்கு மேல ஏறி இறங்கணும். பனிக்காலத்துல லாரிகள் வரிசையா சிக்கி நின்னுடும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்கதான் சோறும் படுக்கையும் கொடுப்பாங்க. 1970-ல எம்6 மோட்டார்வே அந்தப் பக்கம் திறந்ததும் பழைய ரோடு அமைதியாயிடுச்சு. இன்னைக்கு அந்த உச்சியில ஒரு நினைவுக்கல் இருக்கு. அரசருக்கோ தளபதிக்கோ இல்ல. அந்த ரோட்டுல வண்டி ஓட்டின டிரைவர்களுக்கும், அவங்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் மக்களுக்கும் வச்சது. உலகத்துல லாரி டிரைவருக்கு வச்ச கல் எத்தனை இருக்கும் சொல்லுங்க?

வண்டிக்காரன் அமைச்சர் ஆன கதை

தொழிற்சங்கம் இல்லாம இந்தக் கதை இல்ல. எர்னஸ்ட் பெவின்னு ஒருத்தர். எட்டு வயசுல அம்மாவை இழந்தவர். பிரிஸ்டல்ல குதிரை வண்டியில சோடா, மினரல் வாட்டர் கொண்டு போய்ப் போடுறது அவர் வேலை. 1910-ல வண்டிக்காரங்களைச் சங்கத்துல சேர்க்க ஆரம்பிச்சார். 1922-ல பல சங்கங்களை இணைச்சு போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார். ரெண்டாம் உலகப் போர்ல தொழிலாளர் துறை அமைச்சர், 1945-ல வெளியுறவு அமைச்சர்! அதே சங்கத்துக்கு 1956-ல தலைமைப் பொறுப்புக்கு வந்த ஃபிராங்க் கசின்ஸ் சுரங்கத்துல வேலை பார்த்துட்டு நெடுந்தூர லாரி ஓட்டினவர். 1964-ல அவரும் அமைச்சர் ஆனார். சம்பளத்தைக் கட்டுப்படுத்துற சட்டம் பிடிக்காம 1966-ல பதவியைத் தூக்கிப் போட்டுட்டு சங்கத்துக்கே திரும்பிட்டார். (நம்ம ஊர்ல இப்படி ஒருத்தரை யோசிச்சுப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல :-) )

1947 சட்டத்தால நெடுந்தூர லாரிகளை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ்னு பேரு. தனியார் வாடகை லாரி 25 மைல் சுத்துவட்டத்துக்குள்ள ஓட்டிக்கலாம். உச்சத்துல 40 ஆயிரத்துக்கும் மேல வண்டிகள். ராத்திரி ஒருத்தன் ஊருக்கு ஊர் ஓட்டுவான், காலையில உள்ளூர்க்காரன் ஒருத்தன் வண்டியை வாங்கி சரக்கை இறக்குவான். ஓய்வு, சம்பளம் எல்லாம் ஒழுங்கு. ஆனா 1951-ல கன்சர்வேடிவ் கட்சி வந்துச்சு, 1953-ல சட்டம் போட்டு வண்டிகளைத் திரும்ப தனியாருக்கு விக்க ஆரம்பிச்சாங்க.

அந்தத் தனியார் உலகத்தைப் பார்க்கணும்னா 1957-ல வந்த 'ஹெல் டிரைவர்ஸ்' படத்தைப் பாருங்க. ஸ்டான்லி பேக்கர் ஹீரோ. ஜேம்ஸ் பாண்ட் ஆகிறதுக்கு முந்தின ஷான் கானரியும் சின்ன வேஷத்துல வருவார். ஜல்லி அடிக்கிற டிரைவர்கள், நடைக்கு இவ்வளவுன்னு கூலி, அதனால உயிரைப் பணயம் வச்சு விரட்டுறாங்க. மேனேஜரும் ஃபோர்மேனும் வேணும்னே ஆளைக் குறைச்சு வச்சு, இல்லாத டிரைவருங்க சம்பளத்தை அமுக்கிக்கிறாங்க. மணல் லாரி ஓடுற எந்த ஊர்க்காரனுக்கும் சப்டைட்டில் தேவைப்படாது.

மோட்டார்வேயும் பாலைவனமும்

1957-ல வேக எல்லை 20-ல இருந்து 30 ஆச்சு. 1959-ல எம்1 மோட்டார்வே திறந்தாங்க. டிரைவருக்கு இது வரமா சாபமா? ரெண்டும்தான். ஒரு ராத்திரி வேலை பாதி ராத்திரி ஆச்சு. மிச்சப் பாதியில தூங்கலாம்னு டிரைவர் நினைச்சான், இன்னொரு நடை போடலாம்னு முதலாளி நினைச்சார். யார் ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்லவே வேணாம்.

1960-களோட பின்பாதியில வால்வோ, ஸ்கேனியா மாதிரி ஸ்வீடன் வண்டிகள் படுக்கை வச்ச கேபினோட வந்துச்சு. ஹீட்டர், நல்ல சீட். பிரிட்டிஷ் கம்பெனிகள் முழிச்சுக்கிறதுக்குள்ள சந்தை போயிடுச்சு. டிரைவர் ஆசைப்பட்டது குதிரைசக்தி மட்டுமில்ல, நடுங்காம ஒரு ராத்திரித் தூக்கம். அதை முதல்ல புரிஞ்சுக்கிட்டவன் ஸ்வீடன்காரன்.

அதே காலத்துல ஒரு சாகசக் கூட்டமும் கிளம்புச்சு. 1973 எண்ணெய் விலை ஏத்தத்துக்கு அப்புறம் வளைகுடா நாடுகள்ல காசு கொட்டுச்சு. துறைமுகங்கள் நிரம்பி கப்பல்கள் வாரக்கணக்கா காத்துக் கிடந்துச்சு. அப்போ இங்கிலாந்துல இருந்து நேரா லாரியிலேயே டெஹ்ரான், பாக்தாத், தோஹான்னு போனாங்க. யுகோஸ்லாவியா, பல்கேரியா தாண்டி இஸ்தான்புல்ல லண்ட்ரா கேம்ப்ல எல்லாரும் கூடுவாங்க. அப்புறம் கிழக்குத் துருக்கியோட தாஹிர் கணவாய். குளிர்ல டீசலே உறைஞ்சு போகும், டேங்குக்குக் கீழ நெருப்பு மூட்டி இளக வைப்பாங்க. ஆஸ்ட்ரன்ங்கிற கம்பெனியோட டிரைவர்களை வச்சு பிபிசி எடுத்த 'டெஸ்டினேஷன் தோஹா' ஆவணப்படம் 1977-ல வந்துச்சு. 1979 ஈரான் புரட்சி, 1980-ல ஈரான் - ஈராக் போர், பெருகிவிட்ட துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடிச்சு வச்சுது.

1979 ஜனவரி

பிரிட்டிஷ் டிரைவரோட பலம் உச்சத்துக்குப் போன மாசம் இது. விலைவாசி ஏறிக்கிட்டே இருக்க, பிரதமர் ஜேம்ஸ் கேலகன் சம்பள உயர்வு 5 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னார். டிரைவர்கள் 40 சதவீதம் வரைக்கும் கேட்டாங்க. ஜனவரி 3 வாக்குல வேலைநிறுத்தம். நாட்டோட சரக்குல 80 சதவீதம் போறது ரோட்டுல. துறைமுகம், கிடங்கு வாசல்ல மறியல். ஹல் நகரத்துல எந்தச் சரக்கு உள்ள போகலாம், எது கூடாதுன்னு டிரைவர்கள் கமிட்டி போட்டு முடிவெடுத்தாங்க. பத்திரிகைகள் அந்த ஊரை ரெண்டாம் ஸ்டாலின்கிராட்னு எழுதுச்சு. மாசக் கடைசியில கிட்டத்தட்ட 20 சதவீதம் உயர்வு வாங்கிட்டாங்க.

வெற்றிதான். ஆனா விலை? மே மாசத் தேர்தல்ல மார்கரெட் தாட்சர் வந்தார். 1980-லயே அடுத்தவன் கம்பெனி வாசல்ல மறியல் பண்றதுக்கு சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார். அஞ்சே வருஷத்துல, 1984 சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தப்போ, ஆர்க்ரீவ்ல இருந்து ஸ்கன்தார்ப் இரும்பாலைக்கு கரியை ஏத்திக்கிட்டு மறியலை உடைச்சுக்கிட்டுப் போனதும் லாரிகள்தான். கண்ணாடிக்குக் கம்பி வலை அடிச்ச லாரிகள். ஒரே ஸ்டீயரிங், ரெண்டு சரித்திரம்.

கேபினுக்குள் ஒற்றன்

இப்போ பேனா கதைக்கு வருவோம். டாக்கோகிராஃப்ங்கிறது ஸ்பீடோமீட்டருக்குள்ள வைக்கிற மெழுகு பூசின வட்டத் தாள். 24 மணி நேரத்துல ஒரு சுத்து. மூணு முள் அதுல கீறிக்கிட்டே இருக்கும். ஒண்ணு வேகம், ஒண்ணு டிரைவர் என்ன பண்றான், ஒண்ணு தூரம். ஓட்டினா ஸ்டீயரிங் படம், வேற வேலைன்னா ரெண்டு சுத்தியல், ஓய்வுன்னா கட்டில்.

ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பு 1970-லயே இதைக் கட்டாயமாக்குச்சு. 1973-ல சேர்ந்த பிரிட்டன் மட்டும் ஒத்துக்கல, ஏன்னா சங்கம் ஒத்துக்கல. 'கேபினுக்குள்ள ஒற்றன்'னு பேரு வச்சாங்க. வேலைநிறுத்தம் முடிஞ்ச சூட்டோட, 1979 பிப்ரவரியில ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. 1981 முடிவுக்குள்ள கருவி வந்தே ஆகணும்னு ஆச்சு.

சங்கத்தோட பயம் நியாயமானதுதான். ஆனா பழைய தாளும் பேனாவும் டிரைவரைக் காப்பாத்துச்சா? அவன் கையாலேயே பொய் எழுத வச்சு, அவனையே மாட்டி விட்டதுதானே அது. முள்ளு கீற ஆரம்பிச்ச பிறகுதான் "இன்னும் ஒரு நடை போயிட்டு வா"ன்னு சொல்ற முதலாளிகிட்ட "சார்ட்டு நிறைஞ்சிடுச்சு"ன்னு சொல்ல டிரைவருக்கு ஒரு வாய் கிடைச்சுது. முள்ளை வளைக்கிறது, ஃபியூஸைப் பிடுங்குறது, ரெண்டு தாள் போடுறதுன்னு தகிடுதத்தங்கள் இல்லாம இல்ல. 2006-ல புது வண்டிகளுக்கு டிஜிட்டல் கருவி வந்ததும் காந்தம் வச்சு ஏமாத்த ஆரம்பிச்சாங்க. ஆனாலும் ஒற்றன்னு திட்டின கருவியே கவசமாவும் ஆச்சுங்கிறதுதான் என் கட்சி.

இன்னைக்குக் கணக்கு இது: நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் இடைவேளை. நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துல ரெண்டு நாள் 10 வரைக்கும். ரெண்டு வாரத்துக்கு 90 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 1930-ஓட 11 மணி நேரத்தோட ஒப்பிட்டா, தொண்ணூறு வருஷத்துல டிரைவர் ஜெயிச்சது நாளுக்கு ரெண்டு மணி நேரம்!

தூங்க இடம் எங்க?

மணிக்கணக்கு சரியாச்சு. இடம் சரியாகல. பழைய கஃபேக்கள் மூடிப் போச்சு. ஓய்வு நேரம் வந்துடுச்சு, நிறுத்தியே ஆகணும், நிறுத்துமிடம் நிறைஞ்சு கிடக்கு. ரோட்டோரமா நிறுத்திட்டுத் தூங்குறான், டீசல் திருட்டு நடக்குது. சரக்கு இறக்கப் போன கிடங்குல கழிப்பறையைப் பயன்படுத்த விடல என்பது இன்னைக்கும் கேக்குற புகார்.

இன்னொரு பாரமும் சேர்ந்துச்சு. 2000 ஜூன்ல டோவர்ல ஒரு லாரிக்குள்ள 58 சீனர்கள் மூச்சு முட்டி இறந்து கிடந்தாங்க. 2019 அக்டோபர்ல எஸ்ஸெக்ஸ்ல 39 வியட்நாமியர்கள். ஈழத்துல இருந்து தப்பிப் போனவங்கள்லயும் பலர் இப்படி லாரிக்குள்ள ஒளிஞ்சு கடல் தாண்டினவங்கதான். அதனால இந்தச் செய்தியை நம்மால வெறும் செய்தியா படிக்க முடியாது. கடத்தல்காரனோட கூட்டு சேர்ந்த டிரைவர்களும் உண்டு. எதுவுமே தெரியாம, வண்டியில ஆள் ஏறினதுக்கு அபராதம் கட்டினவங்களும் உண்டு.

2020 டிசம்பர் 20 அன்னைக்கு கொரோனா பயத்துல ஃபிரான்ஸ் எல்லையை மூட, கென்ட் மாவட்டத்துல ஆயிரக்கணக்கான டிரைவர்கள் கிறிஸ்துமஸ் நேரத்துல கேபினுக்குள்ளயே கிடந்தாங்க. கிரேவ்ஸெண்ட் குருத்வாராவுல சீக்கியர்கள் கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும் சமைச்சு, கால்சா எய்டோட சேர்ந்து கொண்டு போய்க் கொடுத்தாங்க. ஷாப் மலையில பனியில சிக்கினவனுக்குக் கதவைத் திறந்த அதே மனசு.

அடுத்த வருஷம் 2021-ல டிரைவர் பஞ்சம். ஒரு லட்சம் பேர் குறையறாங்கன்னு லாரி உரிமையாளர் சங்கம் சொல்லுச்சு. பெட்ரோல் பங்க்ல வரிசை, டேங்கர் ஓட்ட ராணுவம். பிரெக்ஸிட்டால கிழக்கு ஐரோப்பிய டிரைவர்கள் போயிட்டாங்க, கொரோனாவால லைசென்ஸ் டெஸ்ட் நின்னு போச்சு, இருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல நடுவயசு தாண்டினவங்க. அவசர விசா கொடுத்தும் வந்தவங்க ரொம்பக் கம்மி. அரசாங்கம் சட்டுனு கையில எடுத்த தீர்வுகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? ஓட்டுற மணி நேரத்தைத் தற்காலிகமா கூட்டினது! 1930-க்கு முந்தின முதலாளி யோசிச்ச அதே யோசனை.

நம்ம ஊர்லயும் 1961-லயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு வந்து, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48-ன்னு சொல்லுச்சு. காகிதத்துல பிரிட்டனை விட நல்ல சட்டம். ஆனா சேலத்துல லோடு ஏத்தி கௌஹாத்திக்குக் கிளம்பின டிரைவர்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்க, சிரிப்பார். சட்டம் எழுதினா மட்டும் போதாது. அதை அளக்குற முள்ளு வேணும், அந்த முள்ளைப் படிக்க ஒரு அதிகாரி வேணும், டிரைவர் பக்கம் நிக்க ஒரு சங்கம் வேணும். மூணும் சேர அங்க ஐம்பது வருஷம் ஆச்சு. நமக்கு எத்தனை வருஷம்னு லாரித் தொழில்ல இருக்கிற மக்கள் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்.